மருந்து கைப்பையில்தான் வரும்

படிவத்தின் நான்காவது பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. நீண்டகால நோய் ஏதேனும் உண்டா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள், ஆம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று.

"இல்லைன்னு போடு," என்றாள் அம்மா. தையல் மெஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

சிட்லபாக்கத்தில் முதல் மாடியில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. பகலெல்லாம் யாராவது ஒரு பெண் ப்ளவுஸ் அளவு கொடுக்க வந்து நிற்பாள். அன்றைக்கு யாரும் இல்லாததால்தான் அம்மா அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றிப் படிக்க பின்லாந்தில் ஒரு சிறிய ஊருக்கு, ஒரு செமஸ்டர் மட்டும், எங்கள் கல்லூரியிலிருந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் நான் ஒருத்தி. ஜனவரியில் கிளம்ப வேண்டும், ஜூனில் திரும்ப வேண்டும்.

எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து சர்க்கரை நோய். வயதானவர்களுக்கு வரும் வகை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் வகை. மாத்திரை பலிக்காது, ஊசிதான். சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு வேளையும் ஒன்று, இரவில் ஒன்று. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இது வெளியே யாருக்கும் தெரிய வேணாம்."

தெரியவில்லை. பள்ளியில் எனக்கு வீசிங் என்று சொல்லி வைத்தோம். இன்சுலின் பேனாக்கள் ஃப்ரிட்ஜில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள், கறிவேப்பிலைக் கட்டுக்குப் பின்னால் இருந்தன. விசேஷ வீடுகளில் பந்திக்குக் கூப்பிடும்போது நான் பாத்ரூமுக்குப் போவேன். மாடம்பாக்கத்தில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, தன் மகள் கல்யாணத்தை அங்கேயே ஒரு மண்டபத்தில் நடத்தினாள். அந்த மண்டபத்துப் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு, பட்டுப்பாவாடையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊசி போட்டேன். கதவை யாரோ தள்ளியதில் ஊசி வளைந்து தொடையில் கீறிவிட்டது. வெளியே வந்ததும் அத்தை, "எப்பப் பார்த்தாலும் பாத்ரூம்லயே இருக்கியே, என்னடி உனக்கு?" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக எனக்கு என்மேலேயே ரொம்ப நாள் கோபம் இருந்தது.

அதே கல்யாணத்தில் அத்தை வீட்டு மாமா, "எனக்கு சுகர் இல்லாம காபி, நான் சுகர் பேஷண்ட்," என்று பந்திக்கே கேட்கும்படி அறிவித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது ஆணுக்கு வந்தால் அது சம்பாத்தியம் மாதிரி. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு வந்தால் கறிவேப்பிலைக்குப் பின்னால்.

நான் ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

மெஷின் நின்றது. "என்ன பண்ணின?"

"அங்க எனக்கு மயக்கம் வந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்னன்னு தெரியணும்மா."

"அங்க போயி வாயால சொல்லிக்கோ. காகிதத்துல எதுக்கு?"

நான் சொன்ன காரணம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எனக்கு ஒளிந்து ஒளிந்து வெறுத்துப்போயிருந்தது என்பது மீதிப் பாதி. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டு நாளில் கல்லூரியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். வெளிநாட்டுப் படிப்பு விவகாரங்களைப் பார்க்கும் சார் என் படிவத்தின் நான்காவது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. தொல்லை வேண்டாம் என்று நினைப்பவர்.

"இதை ஏன்மா போட்ட? போடாம விட்டிருந்தா யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க."

"கேள்வி இருந்தது சார். பதில் போட்டேன்."

"அங்க மைனஸ் இருபது டிகிரி. ஏதாவது ஆச்சுன்னா காலேஜ்தான் பதில் சொல்லணும். வெயிட்டிங் லிஸ்ட்ல ஒரு பையன் இருக்கான். நீ வேணா உடம்பைப் பார்த்துக்கிட்டு அடுத்த வருஷம் போயேன்."

"அடுத்த வருஷமும் எனக்கு சுகர் இருக்கும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். திமிர் என்று நினைத்திருப்பார். கொஞ்சம் திமிர்தான். "டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் லெட்டர் வாங்கிட்டு வா. திங்கக்கிழமைக்குள்ள. இல்லைன்னா நான் அந்தப் பையன் பேரை அனுப்ப வேண்டியிருக்கும்," என்றார்.

மேற்குத் தாம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கிளினிக்கில், பதிமூன்று வயதிலிருந்து என்னைப் பார்க்கும் பெண் டாக்டர் லெட்டரை உடனே எழுதித் தரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுது. பஸ்ஸுக்கு நிக்கற. பனி கொட்டுது. பஸ் வரலை. கை நடுங்குது, சுகர் இறங்குதுன்னு தெரியுது. என்ன பண்ணுவ? ஒவ்வொண்ணா எழுது."

வெளியே பதினைந்து நோயாளிகள் காத்திருக்க, நான் பரீட்சை மாதிரி எழுதினேன். குளுக்கோஸ் மாத்திரை சட்டைப் பையில் இருக்கும், மூன்று போட்டுக்கொள்வேன், பதினைந்து நிமிஷம் கழித்துச் சோதிப்பேன் என்று. அவர் வாங்கிப் படித்தார்.

"இன்சுலின் பேனா எங்க இருக்கும்?"

"தோள்பையில டாக்டர்."

"உறைஞ்சிடும். உறைஞ்சதைத் தூக்கித்தான் போடணும். உடம்போட ஒட்டி, உள்பாக்கெட்ல வை. ஃப்ளைட்லயும் பெட்டிக்குள்ள போடாத, கார்கோலயும் அதே கதைதான். கையோட கொண்டு போ." பிறகு பேனாவால் தாளின் கடைசி வரியைத் தட்டினார். "இதுல ஒண்ணு விட்டுட்ட. உனக்கு சுகர் இருக்குன்னு கூட வர்றவங்கள்ல யார் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது டாக்டர்."

"ஒருத்தருக்குமா தெரியாது? நாளைக்கு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு எனக்கு போன் பண்ணு. அப்புறம் லெட்டர்."

என்னோடு வரவிருந்த மூன்று பேரில் ஒருத்தி, முதல் வருஷத்திலிருந்து என் பெஞ்சில் உட்காருபவள். மறுநாள் கேன்டீனில் அவளிடம் சொன்னேன். அவள் சமோசாவைக் கீழே வைத்தாள்.

"அதான் டெய்லி லஞ்சுக்கு முன்னாடி காணாமப் போறியா? நான் உனக்கு யாரோ ஆள் இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்டி. கிளாஸ்ல பாதிப் பேர்கிட்ட சொல்லிட்டேன் வேற."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பிறகு ஊசியை எடுத்துக் காட்டச் சொன்னாள். எனக்கு மயக்கம் வந்தால் என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டு போனில் குறித்துக்கொண்டாள். டாக்டரின் லெட்டர் திங்கட்கிழமை காலை சாரின் மேஜையில் இருந்தது. அந்தப் பையனின் பெயர் போகவில்லை.

உள்பாக்கெட் வைத்த ஜாக்கெட் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பல்லாவரத்தில் தோல் பைகள் செய்யும் ஒரு கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். அந்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னைப் பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிப்போனார்.

செடிகள், புறா, பழைய டிவி, கோழிக்குஞ்சு எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால், வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளைக் குவித்து வைத்திருப்பார்கள். குளிர் ஜாக்கெட்டுகள் மட்டுமே விற்கும் ஒருவர் தார்ப்பாய் நிழலில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, எந்த ஊருக்குப் போற? ஊட்டியா?"

"பின்லாந்து."

"அது எங்க கீது?"

"ரஷ்யா பக்கத்துல."

"அப்போ இத்த எடுத்துக்கோ. இத்தப் போட்டுகினா ஐஸ் பொட்டிக்குள்ளயே தூங்கலாம். ஒண்ணும் ஆவாது."

அப்பா ஒவ்வொரு ஜாக்கெட்டாக எடுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ஜிப்பை இருபது தடவை ஏற்றி இறக்கினார். தையலை நகத்தால் நெருடினார். கடைக்காரர் பொறுமை இழந்து, "அண்ணா, வாங்க வந்தியா, செக்கிங் பண்ண வந்தியா?" என்றார். கடைசியில் அப்பா ஒரு கருநீல ஜாக்கெட்டை என் தோளில் போட்டு, இடது பக்க உள்பாக்கெட்டில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் செருகினார். "உன் பேனா இந்த அளவுதானே? குதிச்சுப் பாரு."

டிசம்பர் வெயிலில், முழங்கால் வரை தொங்கும் ஜாக்கெட்டோடு நான் குதித்தேன். கூடு விழவில்லை. அப்பா தலையாட்டினார். ஏழு வருஷத்தில் என் நோயைப் பற்றி அப்பா என்னிடம் நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அம்மா எனக்கு ஒரு தோள்பையைக் காட்டினாள். அவளே தைத்தது. அடியில் இரட்டைத் துணி கொடுத்து, நடுவில் ஒட்டுப்பட்டை வைத்து, வெளியே எதுவும் தெரியாத ஓர் அறை. ஐந்து மாதத்துக்கான இருபத்தைந்து பேனாக்களும் அதற்குள் கச்சிதமாகப் படுக்கும். எந்தத் தையல்காரரும் பெருமைப்படக்கூடிய வேலை.

"யார் திறந்து பார்த்தாலும் தெரியாது," என்றாள்.

"ஏர்போர்ட்ல மெஷின்ல தெரியும்மா. இப்படி ஒளிச்சு வெச்சதைப் பார்த்தா கடத்தல்னு பிடிச்சுக்குவாங்க."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா சிரித்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அப்போ என்ன, எல்லார் முன்னாடியும் எடுத்துக் காட்டுவியா?"

"காட்டுவேன்."

அம்மா பையைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கூடுவாஞ்சேரியில் ஒரு குடும்பம். பையன் பேங்கில் வேலை. அத்தை மூலமாகக் கேட்டிருக்கிறார்கள். பெண் படிப்பை முடிக்கும்வரை காத்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் என்னை வழியனுப்பச் சாப்பிட வருகிறார்கள்.

"உன்கிட்ட சொல்லிக் குழப்ப வேணாம்னுதான். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் நான் சொல்றதைக் கேளு. அப்புறம் பின்லாந்துக்குப் போய் ஊரெல்லாம் தமுக்கடி."

ஞாயிறு காலை அம்மா செய்தது எனக்கு இப்போதும் நம்ப முடியவில்லை. பேனாப் பெட்டி பெரிதாக இருந்ததால் கறிவேப்பிலைக்குப் பின்னால் அடங்கவில்லை. அம்மா ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அத்தை மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது ஜில்லென்று ஒரு சொம்பு தண்ணீர்.

"சாதாரணத் தண்ணியே தரேன் அண்ணி. ஃப்ரிட்ஜ் ரிப்பேர்," என்றாள் அம்மா.

அதே நேரம் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அத்தை எழுந்துபோய்க் கதவை இழுத்தாள். "ஓடுதே. இதை எதுக்குப் பூட்டி வெச்சிருக்க? நாங்க என்ன எடுத்துத் தின்னுடவா போறோம்?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் தேடினாள் என்பதும் எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

"சாவி அம்மாகிட்ட இருக்கு அத்தை. உள்ள என் இன்சுலின் இருக்கு. எனக்கு சுகர்."

சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தேன். அன்றாடம் போடும் பேனா என் பையில் இருந்தது. அதை எடுத்து, ஊசியைப் பொருத்தி, அளவைத் திருகினேன். ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது கிளிக் என்னும். கூடத்தில் எல்லாரும் அதை எண்ணியிருக்கலாம். சுடிதார் கையை மேலே சுருட்டி, தோளுக்குக் கீழே போட்டுக்கொண்டேன். பத்து நொடி வைத்திருந்து எடுத்தேன். வெளியாள் முன்னால், கதவை அழுத்திப் பிடிக்காமல் நான் போட்டுக்கொண்ட முதல் ஊசி அது.

"எப்பலேர்ந்து?" என்றாள் அத்தை.

"எட்டாவதுலேர்ந்து."

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "ஏண்டா, என்கிட்ட கூடவா?"

அப்பாவின் கையில் அன்று செய்தித்தாள் இல்லை. "சொல்லாதது எங்க தப்பு அக்கா. அவ தப்பு இல்ல."

"அந்தப் பையன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க அத்தை," என்றேன்.

"சொன்னா வேணாம்பாங்க."

"வேணாம்னு சொல்றவங்க இப்பவே சொல்லட்டும்."

"பேச்சைப் பாரு. இந்த உடம்பை வெச்சுக்கிட்டு இவளைத் தனியா அவ்ளோ தூரம் அனுப்பறீங்களா?"

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டுத்தான் அத்தை இவ்ளோ தூரம் வந்திருக்கேன்."

மாமா தொண்டையைக் கனைத்தார். எனக்காக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "ரசம் ஆறுது," என்றார். அத்தை இரண்டு கை ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் பாயசத்தைத் தொடாமல் எழுந்தாள். கிளம்பும்போது என் கையில் வெற்றிலை பாக்குடன் பணம் வைத்துக் கொடுத்தாள், வாழ்த்தும் சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா தெருமுனைவரை அவர்களோடு போய்விட்டு வந்தாள். வந்து, பாத்திரங்களையெல்லாம் தானே கழுவினாள். உதவப் போன என்னைக் கையால் விலக்கினாள்.

மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். பேசாமலே இருவரும் பெட்டி அடுக்கினோம். அவள் பருப்புப்பொடியை வைப்பாள், நான் புத்தகத்தை வைப்பேன், அவள் புத்தகத்தை நகர்த்திவிட்டு ஊறுகாயை வைப்பாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பேப்பர் கடைத் தராசில் மாட்டி, ஃப்ளைட்டில் எவ்வளவு அனுமதி என்று சொன்னார்.

"மூணு கிலோ ஜாஸ்தி கீது சார்," என்றார் கடைக்காரர். "புஸ்தகத்தை இங்கயே போட்டுட்டுப் போங்க, நல்ல ரேட்டு தரேன்."

புத்தகம் பெட்டியிலேயே இருந்தது. ஊறுகாய் பாட்டில் இரண்டும் வீட்டுக்குத் திரும்பின. அம்மா அவற்றை வாங்கி அலமாரியில் சத்தமாக வைத்தாள்.

நான்காம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து, பிளேடால் அந்தத் தோள்பையின் அடித்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்த துணியை எறிந்துவிட்டு, பையின் வெளிப்பக்கமே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஓர் அறை வைத்துத் தைத்தாள். டாக்டர் லெட்டருக்கு அதன் மேல் ஒரு மடிப்பு. முடித்துவிட்டு என் முன்னால் நீட்டினாள்.

"இது போதுமா?" குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"போதும்," என்றேன்.

மீனம்பாக்கத்தில் பாதுகாப்புச் சோதனையில், மெஷினிலிருந்து வந்த என் பையை ஒரு பெண் அதிகாரி தனியே எடுத்து வைத்தார். எனக்குப் பின்னால் நீளமான வரிசை. "இது என்ன?" என்று இந்தியில் கேட்டார். நான் வரிசைக்கே கேட்கும்படி, "இன்சுலின். எனக்கு டயாபடீஸ்," என்றேன். அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. அவர் லெட்டரைப் படித்தார், பேனாக்களைப் பார்த்தார், மூடிக் கொடுத்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர் தன் பெல்ட்டைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பின்லாந்தில் எனக்கு இரண்டு முறை சுகர் இறங்கியது. ஒரு முறை நானே சமாளித்தேன். இன்னொரு முறை, டாக்டர் சொன்னதைப் போலவே பஸ் நிறுத்தத்தில். என் தோழி ஜூஸ் பாட்டிலைத் திறந்து என் வாயில் வைத்துக்கொண்டே சென்னைத் தமிழில் என்னைத் திட்டிய திட்டு அந்த நாட்டுக்குப் புதிதாக இருந்திருக்கும். பதினைந்து நிமிஷத்தில் சரியாகி, அடுத்த பஸ்ஸில் வகுப்புக்குப் போனோம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அம்மா போன் செய்தாள். கூடுவாஞ்சேரிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அத்தை சொன்னாளாம். "சரிம்மா," என்றேன். வருத்தப்படவில்லையா என்று கேட்டாள். எனக்கு இல்லை, உனக்கு இருக்கா என்று கேட்டேன். அம்மா, "சாப்பிட்டியா?" என்றாள்.

"இப்பத்தான் ஊசி போட்டேன். இனிமேதான்."

போனில் மெஷின் ஓடும் சத்தமும், கழுத்து இறக்கம் இன்னும் கொஞ்சம் வேணும் அக்கா என்று யாரோ பெண் சொல்வதும் கேட்டது. கடையில் ஆள் இருக்கிறது, அம்மா பேச்சை மாற்றுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தனை யூனிட் போட்ட?" என்று கேட்டாள்.